அப்பாவோட கவசம் காயலான் கடைக்குப் போகாது

ராஜா,

இதை உனக்கு மட்டும் தபால்ல போட்டிருக்கலாம். போடல. நம்ம கோயில் பங்கு இதழ்ல போடச் சொல்லி ஃபாதர்கிட்டக் கொடுத்திருக்கேன். நீ என்கிட்ட மட்டும் சொல்லியிருந்தா நானும் உன்கிட்ட மட்டும் பதில் சொல்லியிருப்பேன். நீ என்ன பண்ணினே? அடுகோடியில சித்தப்பாவுக்குப் போன் போட்டே, நீலசந்திராவுல அத்தைக்குப் போட்டே, ஓசூர்ல இருக்கிற மாமாவையும் விட்டு வைக்கல. அப்பா அம்மாவை புனேவுக்குக் கூட்டிட்டுப் போறேன், அந்தத் தகரத்தையெல்லாம் காயலான் கடைக்குப் போடச் சொல்லுங்க, நான் சொன்னா அம்மா கேக்க மாட்டேங்குறாங்கன்னு எல்லார்கிட்டயும் ஒப்பாரி வச்சிருக்கே. இப்போ பூசை முடிஞ்சு வெளியே வந்தா ஆளாளுக்கு என் கையைப் பிடிச்சுக்கிட்டு புத்தி சொல்றாங்க. மீன் வாங்கப் போனா அங்கேயும் ஒருத்தி நிக்கிறா, பிள்ளை பேச்சைக் கேளுங்கக்கான்னு. நீ ஊருக்கே சொல்லிட்டே, அதனால நானும் ஊருக்கே சொல்றேன். உனக்குத் தெரிஞ்ச கதையும் இதுல நிறைய வரும். படிக்கிறவங்களுக்குத் தெரியணுமே, அதனால பொறுத்துக்கோ.

விஷயம் இதுதான். உங்கப்பாவுக்குப் போன வருஷம் மழைக்காலத்துல பக்கவாதம் வந்துச்சு. வலது பக்கம். கால் ஓரளவுக்குத் திரும்பிடுச்சு, கம்பை ஊனிக்கிட்டு கோயில் வரைக்கும் போயிட்டு வர்றார். பேச்சு கொஞ்சம் குழறும், பழகினவங்களுக்குப் புரியும். வலது கைதான் சண்டித்தனம் பண்ணுது. நீ பயந்துட்டே. ஒத்தப் பிள்ளை, பயப்படத்தான் செய்வே. உன் வீட்டுல லிஃப்ட் இருக்கு, கீழேயே மருந்துக் கடை, கூப்பிடு தூரத்துல ஆஸ்பத்திரி. எங்களுக்குன்னு ஒரு ரூமையும் ஒதுக்கி, ஜன்னலுக்கு புது ஸ்கிரீன் கூடப் போட்டு வச்சிருக்கே. ஆனா அந்த ரூம்ல உங்கப்பா கையால பண்ணின கவசத்துக்கு இடம் கிடையாது. ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை சாப்பிடுற மனுஷன் தகரத்தையும் ஊசியையும் கையால தொடலாமான்னு கேக்கறே. எல்லாம் நியாயமான பேச்சு. என் மருமகளும் தங்கமான பொண்ணு, அவ மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. இருந்தும் நான் முடியாதுங்கறேன். கிழவிக்குப் பிடிவாதம்னு நினைக்கறே. பிடிவாதம்தான். அது ஏன்னு முதல்லேர்ந்து சொன்னாத்தான் விளங்கும்.

இதையெல்லாம் ஆரம்பிச்சு வச்சதே நீதான், அதை மறந்துட்டே. நம்ம பங்குல பெரிய வெள்ளிக்குத் தெருத்தெருவா சிலுவைப்பாடு காட்டுற பாஸ்கா நாடகம் போகும். உங்கப்பா உயரமா இருக்கார், மீசை வச்சிருக்கார்ங்கிற ஒரே காரணத்துக்காகக் கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே அவருக்கு ரோமைச் சேவகன் வேஷம். வருஷம் பூரா ஆபீஸ்ல ஃபைலைத் தள்ளுற மனுஷன், அந்த ஒரு நாள் ஈட்டி பிடிச்சு நடப்பார். கவசம்னு பேர், எல்லாம் புடவைப் பெட்டி அட்டைதான், மேல ஜிகினாத்தாள் ஒட்டியிருக்கும். நீ எட்டாவது படிக்கும்போது ஊர்வலம் பாதியில வரும்போது கோடை மழை பிடிச்சுக்கிச்சு. அட்டை ஊறி, ஜிகினா உரிஞ்சு, மார்ல இருந்தது இடுப்புக்கு வந்து, இடுப்புல இருந்தது தெருவுக்கு வந்து, விவேக் நகர் முழுக்கப் பாக்க உங்கப்பா பனியனோட ஈட்டியைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். சின்னப் பசங்க சிரிச்ச சிரிப்புல சிலுவைப்பாதைப் பாட்டே நின்னு போச்சு. அந்தக் கூட்டத்துலயே பெரிய சிரிப்பு உன்னோடதுதான். வீட்டுக்கு வந்து அவர் மூலையில போய்த் தலையைத் துவட்டிக்கிட்டு உக்காந்ததைப் பாத்ததும் உன் முகம் விழுந்துடுச்சு. அடுத்த வாரமே ஸ்கூல் லைப்ரரிலேர்ந்து ஒரு தடிப் புத்தகத்தைத் தூக்கிட்டு வந்தே. அதுல மீன் செதில் மாதிரி தகடு தகடா அடுக்கின கவசம் படம் போட்டிருந்துச்சு. "அப்பா, இதை நிஜமாவே பண்ணலாம்பா"ன்னே. அவர் அந்தப் படத்தையே பாத்துக்கிட்டு இருந்தார். காப்பி ஆறிப் போச்சு.

அப்புறம் என் வீடு வீடாவா இருந்துச்சு? தெருவுல காலி எண்ணெய் டின்னுனு ஒண்ணு இருந்தா அது நம்ம கூடத்துக்கு வந்துடும். அதைப் பிரிச்சு, தட்டி நிமித்தி, கட்டைவிரல் அளவுக்கு ஒவ்வொரு செதிலா வெட்டணும். கீழ்ப்பக்கம் வளைவா இருக்கணும், மேல்பக்கம் ஆணியால ஓட்டை போடணும், ஓரத்தை அரத்தால ராவணும். எந்தக் கத்திரியால வெட்டினீங்க? என் கத்திரியால. நான் ஜாக்கெட் தைச்சுக் குடும்பத்துக்கு ஒத்தாசை பண்ணிக்கிட்டு இருந்த கத்திரி அது. துணி வெட்டுற கத்திரியால தகரம் வெட்டலாமான்னு ரெண்டு பேருக்கும் தோணல. அன்னைக்கு நான் போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மா என்னமோ ஏதோன்னு ஓடி வந்து, விஷயம் தெரிஞ்சதும் அவங்க வீட்டுக் காலி டின் ரெண்டைக் கொண்டு வந்து கொடுத்துட்டுப் போனாங்க. அதுக்கு மேல யார்கிட்டப் போய்ச் சொல்றது.

செதிலை கித்தான் துணி மேல வரிசை வரிசையா வச்சுத் தைக்கணும். உங்கப்பா கழுத்துல ஆரம்பிச்சு கீழே வந்தார். நானும் ஜாக்கெட்டுக்குக் கழுத்துதானே முதல்ல, சரியாத்தான் இருக்கும்னு கூடச் சேந்து தைச்சேன். முடிச்சு மாட்டிப் பாத்தா ஒவ்வொரு செதிலும் மேல்நோக்கி வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது. உக்காந்தா தாடையில குத்துது, குனிஞ்சா மீசையைக் கவ்வுது. அந்த வாரம் நம்ம வீட்டு மேல மங்களூர் ஓடு மாத்திக்கிட்டு இருந்தாங்க. நான் துணி காயப்போடப் போனவ அண்ணாந்து பாத்தேன். ஓட்டுக்காரன் அடியிலேர்ந்து ஆரம்பிச்சு மேலே ஏறிக்கிட்டு இருந்தான். அப்படிப் போட்டாத்தானே மேல் ஓடு கீழ் ஓட்டு மேல கவிஞ்சு தண்ணி வழிஞ்சு ஓடும். வீட்டுக்குள்ள வந்து உங்கப்பாகிட்ட அடியிலேர்ந்து ஆரம்பிங்கன்னேன். அவர் உடனே கத்திரியை எடுத்தார். தைச்சதையெல்லாம் பிரிச்சார். ஒரு முழு வாரம் பிரிச்சார், பாட்டு முணுமுணுத்துக்கிட்டே. எனக்கு அதுதான் பிடிச்சுது ராஜா. கல்யாணம் ஆகி அவ்வளவு வருஷத்துல அந்த மனுஷன் ஒரு வேலையை முதல்லேர்ந்து சந்தோஷமா பண்ணி நான் பாத்ததே இல்ல. ஆபீஸ்லேர்ந்து வந்தா பேப்பர், சாப்பாடு, தூக்கம்னு இருந்தவர். நீயும் உன் ஆபீஸ்லேர்ந்து இப்போ அப்படித்தான் வர்றேன்னு மருமக சொல்றா. ஏதாவது ஒண்ணைக் கையால பண்ணு. எதுக்கும் பிரயோஜனம் இல்லாத ஒண்ணா இருந்தாலும் பரவாயில்ல.

அடுத்த பெரிய வெள்ளிக்கு அந்தக் கவசத்தைப் போட்டுக்கிட்டு அவர் தெருவுல இறங்கினப்போ யாரும் சிரிக்கல. நடக்க நடக்க சலசலன்னு ஒரு சத்தம் வந்துச்சு. வெயில் பட்டு மின்னுச்சு. சில செதில்ல எண்ணெய்க் கம்பெனி போட்ட சூரியகாந்திப் பூவும் தெரிஞ்சுது, அதை விடு. நீ பக்கத்துலயே தண்ணி பாட்டிலைத் தூக்கிக்கிட்டு அவர் உன் சொத்துங்கிற மாதிரி நடந்து வந்தே.

இப்போ வெள்ளிக்கிழமை விவகாரத்துக்கு வர்றேன். இந்தத் தெருவுல இத்தனை வருஷமா என் மேல ஒரு பேர் இருக்கு, அதை இன்னைக்குத் தீத்துக்கறேன். நீ காலேஜ் போக ஆரம்பிச்ச சமயம். தோலை வெந்நீர்ல போட்டு எடுத்தா கட்டை மாதிரி இறுகும், அந்தக் காலத்துல அதுலயும் கவசம் பண்ணியிருக்காங்கன்னு அப்பாவும் மகனும் கண்டுபிடிச்சீங்க. சிவாஜி நகர்ல கரீம் பாய் கடையில போய் ஆவாரம்பட்டை போட்டுப் பதப்படுத்தின மாட்டுத்தோல் வாங்கிட்டு வந்தீங்க. அவர் என்ன விஷயம்னு கேட்டிருக்கார். உங்கப்பா ரோமாபுரிச் சிப்பாய்க்குன்னு சொல்லியிருக்கார். கரீம் பாய் தோலைச் சுருட்டிக் கட்டிக்கிட்டே, "ஆகட்டும் சாப், அவருக்கு என் சலாம் சொல்லுங்க"ன்னாராம். அந்தத் தோலை உங்கப்பா மார் அளவுக்கு அழகா வெட்டி, ஊறப்போட்டு, பதமா வேக வைக்கணும்னு எடுத்தீங்க. எதுல? என் இட்லிக் குண்டான்ல. என்னைக்கு? தவக்காலத்துல, வெள்ளிக்கிழமையில.

சுத்தபோசன நாள். தெருவே கறி மீனு இல்லாம கஞ்சியும் துவையலுமா ஒருசந்தி பிடிச்சுக்கிட்டு இருக்கு. நான் சாயங்காலம் சிலுவைப்பாதைக்குக் கோயிலுக்குப் போயிட்டேன். திரும்பி வர்றேன், தெரு முனையிலேயே வாசனை வருது. என்னடா, யாரோ எலும்பு சூப்பு வச்சிருக்காங்களேன்னு நானே முகம் சுளிச்சேன். கிட்ட வர வர அது நம்ம வீடு. வாசல்ல எதிர்வீட்டு ஃபிலோ அக்கா மூக்கைச் சேலைத் தலைப்பால மூடிக்கிட்டு நிக்கிறாங்க. பின்னாடியே அப்போ இருந்த பெரிய ஃபாதர் வீடு சந்திக்க வர்றார். ஃபாதர் நேரா அடுப்படிக்குப் போய் குண்டான் மூடியைத் திறந்தார். உள்ளே உங்கப்பாவோட மார்க்கவசம், கொதிச்ச கொதியில சுருங்கி, குழந்தைப் பிள்ளை சட்டை அளவுக்கு ஆகிக் கிடக்கு. அவர் உள்ளே பாத்தார், உங்கப்பாவைப் பாத்தார், மறுபடி உள்ளே பாத்தார்.

"வெந்துடுச்சாப்பா?"ன்னு கேட்டார்.

அவர் சிரிக்காமத்தான் கேட்டார். நீ சமையல் கட்டுக்குப் பின்னாடி ஓடிட்டே. ஆக, ஃபிலோ அக்கா, நீங்களும் இதைப் படிப்பீங்கன்னு தெரியும். அந்த வெள்ளிக்கிழமை என் வீட்டுல மாட்டுக்கறி வேகல. என் புருஷனோட நெஞ்சு வெந்துச்சு. அந்தக் குண்டான்ல அதுக்கப்புறம் நான் இட்லி அவிக்கல, இதுவரைக்கும் அது தோலுக்குன்னே கிடக்கு.

அந்தச் சுருங்கின தோலைத் தூக்கிப்போட உங்கப்பாவுக்கு மனசு வரல. கல்லு மாதிரி இறுகியிருந்துச்சு. அதை விரல் நீளத் துண்டுகளா வெட்டினார். செதில் கவசத்துல இருந்து அடுத்த வகைக்குப் போனது அப்படித்தான். இதுல அடியில துணியே கிடையாது. ஒவ்வொரு துண்டுலயும் ஓட்டை போட்டு, துண்டைத் துண்டோட தோல் வாரால கோத்து, வரிசையை வரிசையோட கோத்து, கவசம் தன் பலத்துலயே நிக்கும். நான் ஓட்டுக்காரன் கணக்கை வச்சுக்கிட்டு மேல்வரிசை கீழ்வரிசை மேல கவியணும்னேன். நீ புத்தகத்தைக் காட்டி, இல்லம்மா, இதுல தலைகீழ், கீழ்வரிசைதான் மேல்வரிசை மேல ஏறணும்னே. என்ன எழவோ, எனக்கு அது இன்னைக்கு வரைக்கும் கை பழகல. உங்கப்பாவுக்குப் பழகிடுச்சு. கோத்துக்கிட்டே இருப்பார். நீயும் எதிர்ல உக்காந்து கோப்பே. காலேஜ்ல எந்தப் பேப்பர் போச்சு, எந்தப் பொண்ணு பேசல, எல்லாம் குனிஞ்ச தலை நிமிராம அவர்கிட்டச் சொல்லுவே. முகத்தைப் பாத்து ஒரு வார்த்தை பேசாத அப்பனும் பிள்ளையும் கோக்க உக்காந்தா ஊர்க்கதை பேசுவீங்க. நான் அடுப்படியிலேர்ந்து காதைத் தீட்டிக்கிட்டு இருப்பேன். அப்போ நீ சொன்ன பொண்ணுதான் இப்போ என் மருமக.

நீ வேலைக்குப் போன பிறகும் அவர் விடல. ரிட்டையர் ஆனதும் இன்னும் மோசம். தெருமுனை பிரௌசிங் சென்டர்ல போய் உக்காந்துக்குவார். எங்கெங்கேயோ வெளிநாட்டுல இதே பைத்தியம் பிடிச்சவங்க இருக்காங்கன்னு கண்டுபிடிச்சுட்டு வந்து, பிரிண்ட் அவுட்டைச் சுவத்துல ஒட்டினார். நம்ம பங்குல இப்போ அத்தனை சேவகர்களும் போட்டுக்கிறது உங்கப்பா பண்ணினதுதான். அட்டையும் ஜிகினாவும் போயே போச்சு. கூடத்துல அதெல்லாம் ஆணியில வரிசையா தொங்கும். புதுசா வர்ற கேஸ்காரன் ஒரு நிமிஷம் திகைச்சுப் போய் நிப்பான்.

அதுக்கப்புறம்தான் அந்த வியாதி வந்துச்சு. ஆஸ்பத்திரியில நீ கூட இருந்தே, உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது நீ புனேவுக்குத் திரும்பின பிறகு நடந்தது. உங்கப்பா சொன்ன பேச்சைக் கேக்க ஆரம்பிச்சார். சாப்பிடுங்கன்னா சாப்பிட்டார். படுங்கன்னா படுத்தார். டிவியைப் போட்டா பாத்தார், அணைச்சா சுவத்தைப் பாத்தார். கைக்குப் பயிற்சி கொடுக்க வர்ற பொண்ணு ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்லுச்சு. அமுக்கினார். கீழே விழுந்தா விழுந்ததையே பாத்துக்கிட்டு இருந்தார். எவ்வளவு பொறுமைன்னு வந்தவங்க எல்லாம் மெச்சினாங்க. எனக்கு அது பொறுமையாத் தெரியல. நான் கூட வாழ்ந்த மனுஷன் பொறுமைசாலி இல்ல ராஜா. சாம்பார்ல உப்பு ஒரு கல்லு கூடினா தட்டை நகத்துற மனுஷன். அந்த மனுஷன் எங்கேயோ போயிட்டார், என்னைப் பாத்துக்கச் சொல்லி ஒரு உடம்பை மட்டும் விட்டுட்டுப் போயிருக்கார்னு நினைச்சு நான் கோயில்ல உக்காந்து அழுதிருக்கேன். உன்கிட்ட போன்ல எல்லாம் நல்லாயிருக்குன்னேன். வேற என்ன சொல்லச் சொல்றே.

அப்போதான் நீ கவசத்தைக் காலி பண்ணச் சொன்னே. சரி, அவரே திரும்பிப் பாக்கறதில்ல, இருந்து என்ன ஆகப் போகுதுன்னு நானும் இறக்க ஆரம்பிச்சேன். செதில் கவசத்தை எல்லாம் சாக்குல சுத்தினேன். அவர் நாற்காலியில உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தார். கடைசியா அந்தத் தோல் கவசம். ஆணியிலேர்ந்து எடுக்கும்போது பழைய வார் ஒண்ணு அறுந்துச்சு. அவ்வளவுதான், ஒண்ணு அறுந்தா அடுத்தது விடும்ல, ரெண்டு வரிசை அப்படியே பிரிஞ்சு துண்டெல்லாம் கூடம் முழுக்கச் சிதறிப் போச்சு. தூக்கிப்போடப் போற பொருள்தானே, அப்படியே வாரி சாக்குல போட்டிருக்கலாம். தையல்காரி புத்தி, பிரிஞ்சதைப் பிரிஞ்சபடி விட முடியல. அவர் காலடியிலேயே தரையில உக்காந்து, வாரை எடுத்து, எனக்குத் தெரிஞ்ச மாதிரி கோக்க ஆரம்பிச்சேன். மேல்வரிசையைக் கீழ்வரிசை மேல கவிச்சு, ஓடு மாதிரி.

மேலேர்ந்து ஒரு சத்தம் வந்துச்சு. நான் நிமிந்து பாத்தேன். உங்கப்பா முகம் சிவந்து போச்சு. வாய் கோணுது, வார்த்தை வரல, மறுபடி முயற்சி பண்றார். நான் பயந்து எழுந்திருக்கப் போனேன். இடது கையால என் கையிலேர்ந்து அதைப் பிடுங்கினார்.

"தப்பு"ன்னார். அப்புறம் இன்னும் சத்தமா, "எத்தனை தடவைடி சொல்றது?"

ராஜா, எனக்கு எப்படி இருந்துச்சுன்னு எழுத்துல சொல்லத் தெரியல. என் புருஷன் என்னைத் திட்டினார். குழறித்தான் திட்டினார், ஆனா முழுசா ஒரு வாக்கியம் திட்டினார். நான் தரையில உக்காந்தபடியே அவர் முழங்கால்ல தலையை வச்சு அழுதேன். அவர் அதையெல்லாம் கண்டுக்கல. துண்டை மடியில வச்சு இடது கையால கோக்கப் பாத்தார். ஒத்தக் கையால ஆகுமா? துண்டு நழுவுது. அப்போ அந்த வலது கையைத் தூக்கி மடியில போட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல துண்டைச் செருகினார். விரல் மூடுச்சு. பந்துக்கு மூடாத விரல். லேசாத்தான், ஆனா துண்டு விழல. நான் வாரை ஓட்டைக்குள்ள விட்டேன், அவர் இடது கையால இழுத்தார். அப்படி ஒரு துண்டு முடிஞ்சுது. அடுத்ததை எடுத்தார்.

அன்னையிலேர்ந்து தினமும் நாங்க கோக்கறோம். பயிற்சி கொடுக்க வர்ற பொண்ணு பாத்துட்டு, பந்தைப் பையில போட்டுக்கிட்டு, இதையே பண்ணுங்க தாத்தான்னுட்டுப் போச்சு. நீ சொன்ன பயத்தை நான் காத்துல விடல. தகரத்தை எல்லாம் கட்டிப் பரண்ல ஏத்திட்டேன், அதை அவர் தொட மாட்டார், நான் தொட விட மாட்டேன். இப்போ தோல் மட்டும்தான். கரீம் பாய் மகன்கிட்டச் சொல்லி விட்டா அளவா வெட்டி, ஓட்டை போட்டு, ஓரம் மழுங்கத் தேய்ச்சுக் கொடுத்து விடறான். ஊசியும் கிடையாது, வார் நுனியில மெழுகு தேய்ச்சு விறைப்பா ஆக்கிட்டா அதுவே நுழையும். டாக்டர்கிட்டயும் கேட்டுட்டேன், அவர் இதுல ஒண்ணும் தப்பில்லேன்னுட்டார். போன் பண்ணி நீயே கேட்டுக்கோ. முழுசா குணமாயிடுச்சுன்னு நான் பொய் சொல்லல. சட்டைப் பட்டன் இன்னும் நான்தான் போட்டு விடறேன். பேனா பிடிக்க வரல. மழை மூட்டமா இருந்தா கை மரத்துப் போயிடும், அன்னைக்கு எரிஞ்சு விழுவார். விழட்டும். நேத்து சாம்பார்ல உப்பு அதிகம்னு தட்டை நகத்தினார். நான் சந்தோஷமா வேற குழம்பு வச்சேன்.

இதுக்கு மேல என்னை என்ன பண்ணச் சொல்றே? உன் வீட்டு ரூம்ல எல்லாம் இருக்கும். ஆனா காலையில எழுந்ததும் அவர் எதைத் தேடி நாற்காலிக்கு வருவார்? இங்கே கரீம் பாய் மகன் வர்றான், எந்தச் சேவகனுக்கு எந்த அளவுன்னு கேக்கப் பையனுங்க வர்றாங்க, ஃபிலோ அக்கா வந்து உக்காந்து இன்னைக்கு என்ன வேகுதுன்னு வம்பு பண்றாங்க. அவங்க எல்லாருக்கும் பதில் சொல்லிச் சொல்லித்தான் அவர் பேச்சு திரும்பிக்கிட்டு இருக்கு. என்னைக்காவது ஒரு நாள் எங்களால முடியாமப் போகும். அன்னைக்கு நானே பெட்டியைக் கட்டிக்கிட்டு வந்து உன் வாசல்ல நிப்பேன், நீ வேண்டாம்னாலும் போக மாட்டேன். இப்போ அந்த நாள் வரல. நீ எங்களைக் காப்பாத்தணும்னு நினைக்கறே பாரு, அதுக்கு உன்னைப் பெத்தவளா எனக்குப் பெருமைதான். ஆனா காப்பாத்தறதுன்னா எடுத்துட்டுப் போய் பத்திரமா வைக்கிறது மட்டும் இல்ல கண்ணு. அவங்க எதைப் பிடிச்சுக்கிட்டு இருக்காங்களோ அதை விட்டுடாம இருக்கக் கூட நிக்கிறதும்தான்.

கடைசியா ஒண்ணு. போன மாசம் உன் மார் அளவு என்னன்னு கேட்டேன். சட்டையெல்லாம் தைக்காதேம்மா, இங்கே எல்லாமே கிடைக்குதுன்னு சிரிச்சே. நான் சட்டை தைக்கல. கேக்கச் சொன்னது உங்கப்பா. அவர் கோத்துக்கிட்டு இருக்கிறது அவருக்கு இல்ல, உனக்கு. இனிமே ஈட்டியைத் தூக்கிக்கிட்டு அவரால அவ்வளவு தூரம் நடக்க முடியாது, அது அவருக்கே தெரியும். ஃபாதர்கிட்டப் போய், இந்த வருஷம் என் இடத்துல என் மகன் வருவான்னு சொல்லிட்டு வந்துட்டார், உன்னைக் கேக்காமலே. இந்தக் கவசத்தைப் போட்டுக்கிறவன் தானே கட்டிக்க முடியாது. விலாப்பக்கம் வார் தொங்கும், இன்னொருத்தர் கிட்ட நின்னு கட்டிவிடணும். உனக்கு அவர்தான் கட்டிவிடணுமாம், அதுவும் வலது கையால. அதுக்குப் பழகிக்கிட்டு இருக்கார். சாயங்காலம் ஆனா நாற்காலியில தலையணையை நிமித்தி வச்சு, பாதி முடிஞ்ச கவசத்தை அதுக்கு மாட்டி, எதிர்ல ஸ்டூல் போட்டு உக்காந்துக்கறார். வார் நழுவும், எடுப்பார். மறுபடி நழுவும், மறுபடி எடுப்பார். நான் உதவிக்குப் போனா முறைக்கிறார். ஒரு முடிச்சு விழறதுக்குள்ள அடுப்புல சோறு வெந்து, வடிச்சு, ஆறிக்கூடப் போயிடுது. தலையணைக்கு எந்த அவசரமும் இல்ல, எவ்வளவு நேரமானாலும் அப்படியே இருக்கு. பெரிய வெள்ளிக்கு லீவு போட்டு வா ராஜா. வந்து அவர் முன்னாடி அப்படி நில்லு.

உன் அம்மா